இலையால் குடிக்கும் செடி

செடி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் கை பழகிய ஒரு முறை உண்டு: நல்ல மண், அதில் மக்கிய எரு, வேருக்குத் தண்ணீர், இலை வாடினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமிலியாட் வகைச் செடிகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் இந்த முறையை அப்படியே பின்பற்றித்தான் அவற்றை இழக்கிறார்கள். மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது, எருவுக்கும் குறைவில்லை. ஆனாலும் ஒரு நாள் நடுக்குருத்தை லேசாகப் பிடித்து இழுத்தால் அது கையோடு வந்துவிடுகிறது. அடியில் அழுகல் நாற்றம் அடிக்கிறது. நாம் அலங்காரத்துக்காக வாங்கும் புரோமிலியாட்களில் பெரும்பாலானவை வேரை நம்பி வாழ்பவை அல்ல, இலையை நம்பி வாழ்பவை. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பராமரிப்புக் குறிப்புகள் பலவற்றைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை; அவை தாமாகவே விளங்கிவிடும்.

இந்தக் குடும்பத்தில் நமக்கெல்லாம் தெரிந்த உறுப்பினர் அன்னாசி. கொலம்பஸ் 1493-இல் குவாதலூப் தீவில் அதைக் கண்டார். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்து, இன்று கொல்லிமலைச் சந்தையில் குவித்து விற்கும் அளவுக்கு இம்மண்ணின் பயிராகவே ஆகிவிட்டது. அன்னாசி தரையில் வேரூன்றி வளரும் இனம் என்றாலும், அதன் இலைகள் அடியில் ஒன்றையொன்று தழுவி நடுவில் நீர் தேங்கும்படி அமைந்திருப்பதை யாரும் பார்க்கலாம். குடும்பத்தின் மற்ற இனங்கள் 3,500-க்கும் மேல் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் பாறைகளில் வளரும் பிட்கைர்னியா ஃபெலிசியானா என்ற ஒன்றைத் தவிர, மற்ற அனைத்துக்கும் இயற்கையான தாயகம் அமெரிக்கக் கண்டங்களே. ஆண்டிஸ் மலையின் உயரங்களில் பத்து மீட்டர் அளவுக்குப் பூந்தண்டை உயர்த்தும் பூயா ரைமொண்டியும், வர்ஜீனியா முதல் அர்ஜென்டினா வரை மரக்கிளைகளில் நரைத்த சடையாகத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸும் ஒரே குடும்பம் என்று சொன்னால் நம்புவது கடினம்தான்.

நர்சரிகளில் கிடைக்கும் குஸ்மேனியா, நியோரெகேலியா, ஏக்மியா, வ்ரீசியா ஆகியவை பெரும்பாலும் மழைக்காடுகளில் மரக்கிளைகளின்மேல் வாழும் தொற்றுத்தாவரங்கள். இவற்றை ஒட்டுண்ணி என்று சொல்வது தவறு. மரத்திலிருந்து இவை ஒரு சொட்டுச் சாற்றையும் எடுப்பதில்லை. இடம் மட்டுமே வாங்கிக்கொள்கின்றன. வேரின் முதன்மையான வேலை கிளையைப் பற்றிக்கொள்வது. உணவும் நீரும் மேலிருந்து வருகின்றன. இலைகளின் அடிப்பகுதிகள் நெருங்கிச் சேர்ந்து ஒரு கிண்ணமாகின்றன. மழைநீரும், மேலே இருந்து உதிரும் சருகும், தவறி விழும் பூச்சியும் அதில் சேர்ந்து மக்குகின்றன. அந்த நீரிலிருந்து சத்தை எடுத்துக்கொள்பவை இலைப்பரப்பில் இருக்கும் நுண்ணிய செதில்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் இவை சிறு குடைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்தது போலத் தெரியும். நீர் பட்டதும் உள்ளே உறிஞ்சிக்கொண்டு, காய்ந்ததும் மூடிபோல் படிந்து ஈரம் வெளியேறாமல் காக்கின்றன. ஏக்மியா ஃபாசியாட்டாவின் இலையில் வெள்ளிப் பட்டைகளாகத் தெரிவது இச்செதில்களின் கூட்டமே. அதைத் தூசு என்று நினைத்து ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பவர்கள், செடியின் வாயையே துடைத்து எடுத்துவிடுகிறார்கள். துடைத்த வெள்ளி அந்த இலையில் மீண்டும் வருவதில்லை.

இக்கிண்ணங்களை நம்பி ஒரு தனி உலகமே வாழ்கிறது. தவளைகள் தலைப்பிரட்டைகளை இவற்றில் விடுகின்றன. ஜமைக்காவின் சுண்ணாம்புக்கல் மலைக்காடுகளில் மெட்டோபாலியஸ் டிப்ரஸஸ் என்றொரு சிறிய நண்டு புரோமிலியாட் கிண்ணத்திலேயே குஞ்சு பொரித்து வளர்க்கிறது. மக்கும் சருகு நீரிலுள்ள ஆக்ஸிஜனைக் குறைத்துவிடும் என்பதால் தாய் நண்டு சருகுகளை இழுத்து வெளியே போடுகிறது. நத்தை ஓடுகளைக் கொண்டுவந்து உள்ளே இடுகிறது. அதனால் நீரின் அமிலத்தன்மை குறைந்து குஞ்சுகளின் ஓட்டுக்குத் தேவையான கால்சியமும் கிடைக்கிறது. கிண்ணத்து நீரை இவ்வளவு அக்கறையோடு கவனிக்கும் தோட்டக்காரரை நான் மனிதர்களிடையே பார்த்ததில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். நான் சென்னையில், மாடி வீட்டுப் பால்கனியில் வளர்ப்பவன். சொல்வதெல்லாம் கடலோரத்துப் புழுக்கத்துக்கும் ஏப்ரல், மே மாத வெயிலுக்கும் பொருந்தும்படி சொல்கிறேன். தொட்டிக்குச் செம்மண்ணும் வண்டலும் வேண்டாம். வேருக்குப் பிடிமானமும் காற்றோட்டமும் போதும். வெளிநாட்டுக் குறிப்புகளில் பைன் மரப்பட்டை என்று எழுதியிருப்பார்கள்; இங்கே அது விலை கூடிய பொருள். அதற்கு ஈடாகத் தேங்காய் மட்டையை விரல்கடை அளவுக்கு நறுக்கிய துண்டுகள், அடுப்புக்கரி, உடைந்த ஓட்டுச் சில்லு ஆகியவற்றைக் கலந்தால் போதுமானது. மட்டைத் துண்டுகளில் உப்பு இருக்கும். ஆகவே அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தப் பழுப்பு நீரைச் சில முறை கொட்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். தூளான தென்னைநார்க் கழிவை மட்டும் நிரப்பினால் அது நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மண்ணைவிட மோசமாக நடந்துகொள்ளும். தொட்டி செடியைப் பார்க்கச் சிறியதாகவே இருக்கட்டும். கவிழ்ந்துவிடும் என்று தோன்றினால் அடியில் கற்களைப் போட்டுக்கொள்ளலாம். நடும்போது இலைகள் தொடங்கும் இடம் கலவைக்கு மேலே இருக்க வேண்டும். செடி ஆடுகிறதே என்று கழுத்துவரை புதைப்பதுதான் அழுகலுக்கு முதல் அழைப்பு. ஆடினால் ஒரு குச்சியை ஊன்றிக் கட்டிவிட்டால், வேர் பிடித்ததும் அது தானாக நின்றுகொள்ளும்.

தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும்; கலவைக்கு அது காய்ந்த பிறகு லேசாகத் தெளித்தால் போதும். எந்தத் தண்ணீர் என்பதுதான் சென்னையில் பெரிய கேள்வி. ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் சுண்ணாம்பும் உப்பும் மற்ற செடிகளில் மண்ணோடு போய்விடும். இங்கே இலையிலேயே படிகின்றன. கிண்ணத்து நீர் ஆவியாகும்போது உப்பின் அடர்த்தி கூடுகிறது. நீர்மட்டம் இருந்த இடத்தில் வெண்கோடு விழுகிறது. இலை நுனிகள் பழுப்பாகிக் கருகுகின்றன. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிகளுக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மற்ற செடிகளுக்கு அது எப்படியோ, புரோமிலியாட்டுக்கு ஆகவே ஆகாது, ஏனெனில் வடிகட்டி விலக்கிய உப்பெல்லாம் அந்த நீரில்தான் சேர்ந்திருக்கிறது. மழைநீரே முதல் தேர்வு. வடகிழக்குப் பருவமழையில் மொட்டைமாடியில் இரண்டு மூடியிட்ட டிரம்களை நிரப்பி வைத்துக்கொண்டால் கோடையின் தொடக்கம்வரை தாராளமாகப் போதும். அது தீர்ந்த பிறகு வடிகட்டிய குடிநீரைக் கொஞ்சமாகக் கொடுக்கலாம், உப்பு நீரை நிறையக் கொடுப்பதைவிட அது மேல்.

நீர் தேங்கும் கிண்ணம் என்றதுமே கொசு நினைவுக்கு வரும். அந்த அச்சம் நியாயமானது. டெங்கு காலத்தில் வீடு வீடாக வரும் பணியாளர் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டையும் பூச்சாடியையும் பார்த்துவிட்டு, பால்கனியில் வரிசையாக நிற்கும் இச்செடிகளைக் கண்டு முகம் சுளித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர் வெப்பத்தில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகின்றன. ஆகவே வாரம் இருமுறை தொட்டியைச் சாய்த்துப் பழைய நீரைக் கொட்டி, குழாய் முனையை அழுத்தி நீரைப் பீய்ச்சிக் கிண்ணத்தைக் கழுவிவிட்டுப் புதிய நீரை ஊற்றினால் புழு கொசுவாக நேரம் இருக்காது. பருவமழை மாதங்களில் இதில் சலுகையே கூடாது. செடிகள் அதிகமாக இருந்து கழுவ முடியாதவர்கள் பி.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தைச் சிறிதளவு நீரில் கலந்துவிடலாம். கொசுப்புழுவைக் கொல்லும், செடியைத் தொடாது. மண்ணெண்ணெயையோ வேறு எண்ணெயையோ ஊற்றுவது கொசுவோடு செடியையும் கொல்லும்.

கொசுவுக்கும் இச்செடிக்கும் உள்ள உறவுக்கு ஒரு பெரிய வரலாறே உண்டு. டிரினிடாட் தீவில் கொக்கோ தோட்டங்களுக்கு நிழல் தர வளர்த்த உயரமான மரங்களில் புரோமிலியாட்கள் ஆயிரக்கணக்கில் குடியேறின. அவற்றின் கிண்ணங்களில் அனாஃபிலிஸ் பெல்லேட்டர் என்ற கொசு பெருகி மலேரியாவைப் பரப்பியது. சாக்கடையையும் குளத்தையும் எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை, ஏனெனில் கொசு பிறந்த இடம் தலைக்கு மேலே இருந்தது. 1940-களில் அங்கே இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் காலின் பிட்டென்ட்ரி. பின்னாளில் உயிர்க்கடிகாரம் பற்றிய ஆய்வுகளுக்காக அவர் பெரும்புகழ் பெற்றார். அப்போது கையாண்ட தீர்வு, மரங்களின்மேல் தாமிர உப்பான மயில்துத்தத்தின் கரைசலைத் தெளிப்பது. மரத்துக்குப் பெரிய பாதிப்பில்லை. புரோமிலியாட்கள் மட்டும் செத்து உதிர்ந்தன.

இந்தச் செய்தியை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை நம் தோட்டங்களில் பூஞ்சைக்குக் கைமருந்து. ரோஜாவுக்கும் எலுமிச்சைக்கும் அடிக்கும்போது பக்கத்தில் நிற்கும் நியோரெகேலியாமீதும் சாரல் பட்டுவிடும். மற்ற செடியின் இலைமேல் மெழுகுப்பூச்சு இருப்பதால் தாமிரம் வெளியிலேயே நிற்கிறது. புரோமிலியாட்டின் இலையோ தன்மேல் படுவதையெல்லாம் குடிக்கும்படி அமைந்தது. ஆகவே தாமிரம் கலந்த எந்த மருந்தும் அருகில் வரக்கூடாது. மண்ணில்லாமல் வளர்க்கும் காற்றுச் செடிகளைச் செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவதும் அதே காரணத்தால் தவறு. நைலான் மீன்பிடி நரம்பே போதும். ஸ்பானிஷ் மாஸ் காற்றிலுள்ள உலோகத் துகள்களைச் சேர்த்துக்கொள்ளும் இயல்பைப் பயன்படுத்தி, பிரேசிலின் சாவோ பாவ்லோ போன்ற நகரங்களில் அதைத் தொங்கவிட்டுக் காற்று மாசை அளந்திருக்கிறார்கள்.

பூச்சி மருந்துக்கும் இதே கணக்குதான். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இலைகளின் இடுக்கில் வரும். அனிச்சையாக வேப்பெண்ணெயை எடுக்கத் தோன்றும்; ஆனால் எண்ணெய்ப் படலம் உறிஞ்சும் செதில்களை அடைத்துவிடும், குறிப்பாகச் சாம்பல் நிறப் பூச்சுள்ள இனங்களில். நீர் கலந்த ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து, பிறகு நல்ல நீரால் கழுவுவது மெதுவான வேலைதான் என்றாலும் பாதுகாப்பானது. அழுக்கு நீர் தேங்கிய, காற்றோட்டமில்லாத மூலையில் நிற்கும் செடிக்கே இவை அதிகம் வருகின்றன என்பது என் கணிப்பு.

உரத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மெதுவாகக் கரையும் உர உருண்டைகள் சிலவற்றைக் கலவையின்மேல் போடலாம். கிண்ணத்துக்குள் எதையும் போடாதீர்கள், பாசி பிடித்து அழுகும். நியோரெகேலியாவுக்குத் தழைச்சத்து மிகுந்தால் இலை நீண்டு, தளர்ந்து, சிவப்பெல்லாம் பச்சையாகிவிடும். பட்டினி போட்டால்தான் அதற்கு அழகு.

வெளிச்சத்துக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. இலையைத் தொட்டுப் பார்த்தாலே அது எவ்வளவு வெயில் தாங்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மென்மையாக, முள்ளின்றி, பளபளவென்ற பச்சையாக இருந்தால் அது காட்டின் அடிநிழலில் வாழ்ந்தது. குஸ்மேனியாவும் பெரும்பாலான வ்ரீசியாவும் இந்த வகை. விறைப்பாக, விளிம்பில் முள்ளோடு, சாம்பல் பூச்சோடு இருந்தால் அது வெயிலுக்குப் பழகியது; டிக்கியா போன்ற தரைவாழ் இனங்கள் நேர் வெயிலையே தாங்கும். நியோரெகேலியா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைத்து, பிற்பகலில் ஐம்பது விழுக்காடு நிழல்வலையின் கீழ் நின்றால் அதன் நிறம் முழுமையாக வெளிப்படும். அறைக்குள் கொண்டுபோனால் சில வாரங்களில் பச்சைக்குத் திரும்பிவிடும். மேற்குப் பார்த்த பால்கனியில் மே மாதத்தில் எதுவும் வலையின்றிப் பிழைக்காது. நர்சரி நிழலில் வளர்ந்த செடியை வாங்கிய அன்றே வெயிலில் வைத்தால் இலையில் வெளிறிய தீக்காயம் விழும். அது ஆறாது, புதிய இலைகள் வந்து மறைக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இச்செடிகளின் நிறத்தை ஓவியனின் கண்ணோடு பார்த்தவர் பிரேசிலின் தோட்டக் கலைஞர் ரொபெர்த்தோ புர்லே மார்க்ஸ். இளைஞராக 1928-இல் பெர்லின் சென்றவர், தாலம் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில்தான் தம் நாட்டுச் செடிகளின் அழகை முதலில் உணர்ந்தார். அப்போது பிரேசில் நாட்டுத் தோட்டங்களில் ஐரோப்பியச் செடிகளுக்கே மதிப்பு. ஊர் திரும்பிய பின் தோட்டங்களில் புரோமிலியாட்களைக் கூட்டமாக நட்டு, ஒரே நிறத்தின் பெரும்பரப்பாகக் காட்டினார். ரியோவில் அவர் வாழ்ந்து செடிகள் சேகரித்த இடம் 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பால்கனி வைத்திருப்பவர்களும் அவரிடமிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம்: பத்து வகைகளில் ஒவ்வொன்றை வரிசையாக வைப்பதைவிட, ஒரே நியோரெகேலியாவின் கன்றுகளைச் சேர்த்துக் கூட்டமாக வைத்தால் கண்ணுக்குப் பல மடங்கு நிறைவாக இருக்கும். செலவும் குறைவு. முதல் செடியாக எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதும் நியோரெகேலியாதான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் பில்பெர்ஜியா நூட்டன்ஸை வளர்க்கலாம். குளிரைத் தாங்கும், புறக்கணிப்பையும் தாங்கும்.

டில்லான்சியா எனும் காற்றுச் செடிகள் இப்போது பரிசுப்பொருளாகவே ஆகிவிட்டன. தண்ணீரே வேண்டாம், காற்றைக் குடித்தே வாழும் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கியவர் அதை நம்பிக் காயவிடுகிறார். இவற்றில் கிண்ணம் இல்லை என்பதால் உடல் முழுவதும் நனைய வேண்டும். வாரம் ஓரிரு முறை மழைநீரில் சில நிமிடங்கள் முக்கி எடுத்து, தலைகீழாக உதறி, காற்றில் நன்றாக உலரவிட வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமிலவாயுவை உள்வாங்கிக்கொண்டு பகலில் மூடிக்கொள்பவை. இரவு முழுவதும் மேலே நீர்ப்படலம் இருந்தால் மூச்சு முட்டும். ஆகவே காலையில் நனைப்பதே நல்லது. கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து விற்கும் வடிவம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதது, சென்னைப் புழுக்கத்தில் அது செடிக்குக் கட்டிய சமாதி. டில்லான்சியா செரோகிராஃபிகா வாங்குகிறவர்கள் அது வளர்ப்பிடத்தில் பெருக்கப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டிலிருந்து அளவுக்கு மீறி எடுக்கப்பட்டதால் அதன் பன்னாட்டு வணிகம், அழியும் அபாயமுள்ள உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது.

அடுத்து, வாங்கியவர்களை அதிகம் வருத்தும் செய்தி. குஸ்மேனியாவைப் பெரும்பாலும் பூத்த நிலையில்தான் விற்கிறார்கள். சிவப்பாகவும் மஞ்சளாகவும் நட்சத்திரம்போல் விரிந்திருப்பவை பூக்கள் அல்ல, பூவடிச் செதில்கள் எனும் நிறமேறிய இலைகள். உண்மையான பூக்கள் அவற்றின் இடையில் சிறிதாக வந்து விரைவில் வாடிவிடும். செதில்கள் மட்டும் மாதக்கணக்கில் நிறம் மங்காமல் நிற்கும். விடுதி வரவேற்பறைகளிலும் அலுவலகங்களிலும் இது இடம்பிடித்ததற்கு அதுவே காரணம். பிறகு நிறம் மங்கி, இலைகள் ஒவ்வொன்றாகக் காயத் தொடங்கும். என்ன தவறு செய்தோம் என்று வீட்டார் குழம்புவார்கள். தவறு எதுவும் இல்லை. வாழை குலை தள்ளியபின் முடிவது போல, ஒரு புரோமிலியாட் ஒரு முறை பூத்ததும் மெல்ல அடங்கும். முடிவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்குள் அடியில் பக்கக்கன்றுகள் வந்துவிடும். பூயா ரைமொண்டிக்கு அந்த வழக்கமும் இல்லை. பல பத்தாண்டுகள் காத்திருந்து ஒரே முறை பூத்து, விதைகளை மட்டும் விட்டுச் சாகிறது.

கன்றைப் பிரிக்க அவசரம் வேண்டாம். தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்து, பாதியை நெருங்கும்போது கூரிய கத்தியால் தாயோடு ஒட்டி வெட்டி, வெட்டிய வாயை ஓரிரு நாள் நிழலில் உலரவிட்டு நடலாம். வேர் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை என்பது இதுவரை படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிரித்தெடுத்த பிறகும் தாய்ச்செடி பச்சையாக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம், இன்னும் கன்று விடும். வ்ரீசியா ஸ்ப்ளெண்டென்ஸ் போன்றவற்றில் கன்று அடியில் வராமல் இலைகளுக்கு நடுவிலேயே ஒன்று மட்டும் முளைப்பதுண்டு. அதைப் பிரிக்க முயன்றால் இரண்டும் போகும், அப்படியே விட்டுவிட்டுப் பூந்தண்டை மட்டும் அடியோடு வெட்டலாம்.

கன்று வளர்ந்து முழு அளவை அடைந்தும் பூக்காமல் நின்றால் அதைத் தூண்டுவதற்கு வழி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அசோர்ஸ் தீவுகளின் கண்ணாடிக் கூடங்களில் அன்னாசி வளர்த்தவர்கள், புகை போட்டால் செடிகள் ஒன்றாகப் பூப்பதைக் கண்டார்கள். புகையில் இருந்த எத்திலீன் வாயுதான் அந்த வேலையைச் செய்தது என்பது பின்னால் தெரிந்தது. இன்று கேரளத்தின் வாழக்குளம் பக்கத்து விவசாயிகள், செடியில் இலைகள் நாற்பதை நெருங்கும்போது எத்திலீனை வெளியிடும் எத்திஃபான் கரைசலைக் குருத்துக்குள் ஊற்றித் தோட்டம் முழுவதையும் ஒரே சமயத்தில் பூக்க வைக்கிறார்கள். வீட்டில் அதற்கு, எத்திலீனை வெளிவிடும் பழுத்த ஆப்பிளோ வாழைப்பழமோ போதும். கிண்ணத்து நீரைக் கொட்டிவிட்டு, செடியையும் பழத்தையும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை வைத்தால், ஏறத்தாழ இரண்டு மூன்று மாதங்களில் பூந்தண்டு தலைகாட்டும். முழு வளர்ச்சி அடையாத செடியிடம் இதைச் செய்யக்கூடாது. அது சின்னஞ்சிறு பூவோடு தன் வாழ்நாளை முடித்துக்கொள்ளும். அதே காரணத்தால் மே மாதத்தில் வைக்கோல் பரப்பி மாங்காய் பழுக்க வைக்கும் மூடிய அறையில், வெயிலுக்குப் பயந்து கன்றுத் தொட்டிகளைக் கொண்டுபோய் வைப்பதும் வேண்டாம். பழுக்கும் மாங்காய் விடும் எத்திலீன் கன்றுகளுக்கும் எட்டிவிடும்.